நிறுத்தி வைத்த வாக்கியம்

ஜூன் 9, திங்கள்

காலை ஆக்சிஜன் 95. கஞ்சி ஸ்பூனால் அரை டம்ளர். இருமல் இல்லை.

இந்த நோட்டு டாக்டர் சொல்லி வைத்தது. மூச்சின் அளவு, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் தினமும் குறிக்க வேண்டும். பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவனுக்கு இது பெரிய வேலை அல்ல. ஆனால் இன்று அளவுகளோடு வேறொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. பூங்கோதை பேசும் மெஷின் திறக்கவில்லை.

என் மனைவிக்கு நரம்பு நோய். இரண்டு வருடமாகக் கண்ணும் வலது கன்னமும் தவிர எதுவும் அசைவதில்லை. கன்னத்தில் ஒரு சிறிய பொத்தானைக் கட்டியிருக்கிறோம். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக மஞ்சளாகிக்கொண்டே போகும். வேண்டிய வரிசை வரும்போது கன்னத்தை இறுக்குவாள். பிறகு அந்த வரிசைக்குள் வேண்டிய எழுத்து வரும்போது இன்னொரு முறை. ஒரு எழுத்துக்கு அரை நிமிடம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவள், வகுப்பில் மூச்சு விடாமல் பேசியவள், இப்போது கஞ்சத்தனமாகப் பேசுகிறாள். இருபத்தெட்டு வருடம் என்னை "ஏனுங்க, வாங்க, போங்க" என்றவள் மெஷின் வந்த முதல் வாரமே 'ங்க'வை எடுத்துவிட்டாள். ஏன் புள்ள, மரியாதை குறையுதே என்று கேட்டேன். "ஒரு ங்க ஒரு நிமிஷம்" என்று எழுதிக் காட்டினாள்.

எழுதும் மென்பொருளைச் செய்தது அவளிடம் படித்த அருள்ஜோதி. கல்லூரியில் படிக்கும்போது, படுத்த படுக்கையாக இருந்த தன் மாமாவுக்காகச் செய்தது. பதினான்கு வருடத்துக்கு முந்தைய சரக்கு, பழைய விண்டோஸில்தான் ஓடும். அதனால் எங்கள் புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை மென்பொருளாலேயே கட்டி உட்கார வைத்திருக்கிறாள். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். நான் உள் கம்ப்யூட்டர் என்பேன்.

அதை நாங்கள் அணைப்பதே இல்லை. அணைத்தால் மறுபடி எல்லாம் கிளம்ப இருபது நிமிடம் ஆகும், பூங்கோதை களைத்துவிடுவாள். நிறுத்தி வைப்பதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் உள்ளே எது எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிடும். மறுநாள் விட்ட எழுத்திலிருந்து தொடரலாம். நேற்று மாலை அவள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மூச்சு மாஸ்க் போடும் நேரம் ஆகிவிட்டதால் பாதியில் நிறுத்தி வைத்தேன். என்ன எழுதினாள் என்று பார்க்கவில்லை.

இரவில் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. நேற்று ஏதோ கேட்டது, நானும் சரி என்று அமுக்கியிருப்பேன் போல. இப்போது உள் கம்ப்யூட்டரைத் திறந்தால், அதை ஓட்டும் மென்பொருளின் இந்தப் பதிப்பு இங்கே ஓடாது, புதிய பதிப்பைப் போடவும் என்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஆக்சிஜன் 95.

ஓசூரில் இருக்கும் அருள்ஜோதிக்குப் போன் செய்தேன். அவள் முதலில் கேட்டது, "உள்ள இருக்கறதை ஒழுங்கா ஷட் டவுன் பண்ணிட்டுத்தானே சார் விட்டீங்க?" என்பதுதான்.

"இல்லம்மா. எப்பவும் போல நிறுத்தி வச்சேன்."

அவள் நிதானமாகச் சொன்னாள். நிறுத்தி வைத்த நிலை பழைய பதிப்புக்குத்தான் புரியும். புதிய பதிப்பைப் போட்டால் அந்த உறைந்த நிலையை அநேகமாகத் திறக்க முடியாது, தூக்கி எறிய வேண்டிவரும். மென்பொருள் பத்திரமாக இருக்கும், மிஸ் முன்பு எழுதிச் சேமித்ததெல்லாம் இருக்கும். திரையில் பாதியில் நின்றது மட்டும் போய்விடும்.

"இன்னொரு வழி இருக்கு சார். கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்கே திருப்பிக்கலாம். பத்து நாள் வரைக்கும் அதுக்கு இடம் இருக்கும். திருப்பிட்டு, நிறுத்தி வச்சதைத் திறந்து, மிஸ் எழுதி முடிச்சதும் முறையா அணைச்சிட்டு, அப்புறம் புதுசு போடுங்க. எதுவும் போகாது. இன்னைக்கே பண்ணிடலாமா?"

எதற்கும் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுகிறேன் என்றேன். பதறாத காரியம் சிதறாது.

இருபத்துமூன்றாம் தேதி டாக்டர் ஷகிலா எங்கள் வீட்டுக்கு வருகிறார். போன முறை வந்தபோதே சொல்லிவிட்டார். மூச்சுத் தசைகள் தளர்ந்துகொண்டே போகின்றன, மாஸ்க் இனி அதிக நாள் போதாது. ஒன்று, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து மெஷினோடு இணைக்க வேண்டும். அப்படியானால் வருடக்கணக்கில் இருக்கலாம், இதே கட்டிலில், இரவு பகல் ஆள் பார்க்க. இல்லையென்றால் குழாய் வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். அப்படியானால் சில மாதம். முடிவு பூங்கோதையுடையதுதான், அவரே எழுதட்டும் என்றார். பூங்கோதை "யோசிச்சு எழுதறேன்" என்று சொல்லியிருந்தாள்.

அவளுடைய பதில் இன்னும் வரவில்லை. மெஷின் திறந்தால்தான் வரும்.

ஜூன் 11, புதன்

ஆக்சிஜன் 94. நூறடி ரோட்டில் போய் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வந்தேன். உள் கம்ப்யூட்டரை நகல் எடுக்க மூன்று மணி நேரம் ஆனது.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் ஜெசிந்தா கேட்டாள், "இன்னும் சரியாகலைங்களாண்ணா? அக்கா அந்த மெஷின் டேபிளையேதான் பார்த்துட்டு இருக்காங்க."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றேன். அவள் துணி மாற்றப் போனாள்.

ஜூன் 12, வியாழன்

ஆக்சிஜன் 94. நகல் சரியாக வந்ததா என்று சோதித்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஒன்று போதாது என்று இன்னொரு நகல் எடுத்தேன்.

ஜூன் 14, சனி

ஆக்சிஜன் 93.

பூங்கோதையிடம் நான் கேட்பதற்கெல்லாம் கண்தான் பதில். மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை. ஃபேன் வேண்டுமா, புரட்டிவிடவா, தண்ணீர் வேண்டுமா என்று ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்கிறேன். நேற்றிலிருந்து எதைக் கேட்டாலும் கண்ணை மூடுகிறாள். காபி வேண்டுமா, இல்லை. டிவி போடவா, இல்லை. தலை வலிக்கிறதா, இல்லை. வெயில் முகத்தில் அடிக்கிறதே, ஜன்னல் திரையை இழுக்கவா, அதற்கும் இல்லை. அரை மணி நேரம் கண் கூசக் கூசக் கிடந்தாள். கடைசியில் நானாகவே இழுத்துவிட்டேன்.

ஜெசிந்தா கேட்டால் மட்டும் கண் மேலே போகிறது.

அருள்ஜோதி போன் செய்து, பத்து நாள் கெடு நெருங்குகிறது என்றாள். நாளைக்குச் செய்துவிடுகிறேன் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

கரண்ட் வந்து வந்து போனது. இப்படிப்பட்ட நாளில் கம்ப்யூட்டரில் கை வைக்கக்கூடாது. ஆக்சிஜன் 93.

ஜூன் 16, திங்கள்

காலை பதினொன்றே காலுக்குச் சளி அடைத்துக்கொண்டது. இருமத் தெம்பில்லை. ஆக்சிஜன் 93, 89, 84 என்று இறங்கியது. ஜெசிந்தா உறிஞ்சும் மெஷினை வாயில் விட்டு எடுத்துக்கொண்டே இருந்தாள். "அண்ணா, மாஸ்க் எடுங்க" என்றாள். எனக்கு மாஸ்க் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கண்ணெதிரே ஸ்டாண்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடத்தில் 92 வந்தது. அந்தப் பத்து நிமிடமும் பூங்கோதை கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை. எனக்கு உயிரே இல்லை.

ஜெசிந்தா கை கழுவிவிட்டு வந்து சொன்னாள், "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கோணுங்கண்ணா. அங்க போனா ஒருத்தரும் கேட்டுட்டு நிக்க மாட்டாங்க. உடனே குழாயை வச்சிருவாங்க. அக்காவுக்கு இஷ்டமா இல்லையான்னு எழுத்து இருந்தாத்தான் நாம பேச முடியும்."

ஆமாம், கேட்க மாட்டார்கள். வைத்துவிடுவார்கள். வைத்துவிட்டால் இருப்பாள்.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

ஆக்சிஜன் 92. மூன்றாவது நகல்.

ஜூன் 19, வியாழன்

ஆக்சிஜன் 92.

கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்ப இன்று உட்கார்ந்தேன். அருள்ஜோதி சொன்ன இடத்தில் அந்தப் பொத்தானே இல்லை. அவளுக்குப் போன் செய்தேன்.

"என்னைக்கு சார் அப்டேட் ஆச்சு?"

"எட்டாந்தேதி ராத்திரி."

"அப்ப நேத்தோட முடிஞ்சிருச்சே சார். நான் சனிக்கிழமையே சொன்னேனே."

ஒன்பதாம் தேதியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, எண்ணிக்கை தவறிவிட்டது என்றேன். கம்பெனியில் ஒரு பம்ப்பின் சோதனைத் தேதியைக்கூடத் தவறவிட்டவனில்லை நான். அதை அவளிடம் சொல்லவில்லை.

"பரவாயில்லை சார். புதுப் பதிப்பைப் போட்டுருங்க. பாதியில நின்னதை மட்டும் மிஸ் திரும்ப எழுதட்டும்" என்றாள். அவளுக்குக் கோபமே வருவதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

ஆக்சிஜன் 91.

ஜெசிந்தா இன்று ஒரு அட்டையில் எழுத்துகளைப் பெரிதாக எழுதிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக்கொண்டே போனால் அக்கா கண்ணைத் தூக்குவார், அப்படியே பதிலை வாங்கிவிடலாம் என்றாள். "அதுகூட எதுக்குங்கண்ணா, குழாய் வேணுமாக்கான்னு ஒரு வார்த்தை கேட்டா, ஆமா இல்லைன்னு கண்ணுலயே சொல்லிருவாங்க. நான் கேக்கட்டுங்களா?"

"அதெல்லாம் வேண்டாம். இது ஃபேன் போடற விஷயமா? மெஷின்ல வரட்டும்."

குரல் உயர்ந்துவிட்டது. கட்டிலில் பூங்கோதை கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாள். ஜெசிந்தா அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. அந்த எட்டாந்தேதி ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறப்ப மணி ஆறரைங்க. மாஸ்க் எட்டு மணிக்குத்தான் போடுவோம். அக்கா கன்னத்தை இறுக்கிட்டே இருந்தாங்க, நீங்க எந்திரிச்சுப் போய் நிறுத்தினீங்க. நான் செருப்பு மாட்டிட்டே பார்த்தேன்."

அவள் போன பிறகு வெகு நேரம் கதவைச் சாத்தாமலே நின்றிருந்தேன்.

ஜூன் 21, சனி

ஆக்சிஜன் 91.

ஒன்பதாம் தேதி இந்த நோட்டில் பொய் எழுதினேன். நிறுத்துவதற்கு முன் திரையைப் பார்த்தேன். "டாக்டர்ட்ட சொல்லு எனக்கு அந்தக் குழாய்" என்று இருந்தது. அடுத்த வரிசை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அடுத்த வார்த்தை வருவதற்குள் எழுந்து போய் நிறுத்தி வைத்தேன்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பூங்கோதை அப்படித்தான். ஆபரேஷன், ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பது அதைவிட ஆகாது. எழுதிவிட்டால் எழுதியதுதான், அதற்கு மேல் நான் கெஞ்சி ஒன்றும் ஆகப்போவதில்லை. எழுதாத வரைக்கும் அவள் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா. கம்ப்யூட்டர் அப்டேட் கேட்டதும் அன்று இரவேதான். படித்துப் பார்த்துத்தான் சரி என்று அமுக்கினேன்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். நான் அவள் வாயை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை செய்துவிட வேண்டும். இந்த முறை பயந்துகொண்டாவது செய்ய வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

காலை ஆக்சிஜன் 91. ஜெசிந்தாவைச் சீக்கிரமே வரச் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு மேஜையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து, பூங்கோதைக்குத் தெரிகிற மாதிரி திரையைத் திருப்பினேன். பழைய பதிப்பை நீக்கினேன். புதியதைப் போட்டேன். ஒவ்வொரு படியாக அருள்ஜோதி போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். பட்டியலில் உள் கம்ப்யூட்டரின் பெயர் வந்தது. திறந்தால், நிறுத்தி வைத்த நிலையைப் படிக்க முடியவில்லை என்று சிவப்பில் ஒரு பெட்டி. அவள் முன்பே சொன்னதுதான். அந்த நிலையைத் தூக்கி எறியவா என்று கேட்கும் இடத்துக்குப் போய், போனை வைத்துவிட்டேன்.

பூங்கோதையிடம் சொன்னேன். "இதை அமுக்கினா நீ அன்னைக்கு எழுதினது போயிரும் புள்ள. மறுபடி எழுதோணும். அன்னைக்கு மாஸ்க் போடற நேரமில்லை. உன்ற எழுத்தைப் பார்த்துட்டுத்தான் நிறுத்தினேன். பத்து நாளும் வேணும்னேதான் விட்டேன். அமுக்கட்டுமா?"

ஒன்பது நாளுக்குப் பிறகு என் கேள்விக்குக் கண் மேலே போனது. அமுக்கினேன்.

பழைய விண்டோஸ் கிளம்ப இருபது நிமிடம் ஆனது. எழுத்துப் பலகை வந்தது. வரிசைகள் மஞ்சளாகின. பூங்கோதை கன்னத்தை இறுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இறுக்கினாள். வரிசைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தன. பொத்தானின் வயரைப் பிடுங்கி மாட்டினேன், வேறு துளையில் மாட்டினேன். உள் கம்ப்யூட்டருக்குப் பொத்தான் தெரியவே இல்லை. இந்தப் பதினான்கு நாளும் எதற்குப் பயந்த மாதிரி நடித்தேனோ அது நிஜமாகவே நடந்துவிட்டது. ஜெசிந்தாதான் என் போனை வாங்கி அருள்ஜோதிக்குப் போட்டாள்.

"பொத்தானை உள்ள சேர்க்கறதுக்குத் துணைப் பொதின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு சார். புதுப் பதிப்புக்கு அதையும் புதுசாப் போடணும். மறந்துட்டேன், மன்னிச்சிருங்க. மிஸ் கிட்டயும் சொல்லுங்க" என்றாள் அருள்ஜோதி. அதைப் போட்டு, முறையாக அணைத்து, மறுபடி கிளப்ப முக்கால் மணி நேரம் ஆனது. பூங்கோதை கன்னத்தை இறுக்கினாள். மஞ்சள் வரிசை நின்றது.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெசிந்தா பார்க்காதது போல அடுப்படிக்குப் போனாள்.

பிறகு பூங்கோதை எழுதினாள். நடுவில் இரண்டு முறை களைப்பில் கண் சொருகியது. முக்கால் மணி நேரம். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"வேணும்னு எழுத வந்தேன். நீ நிறுத்தின. மெஷினைத் திறக்கவே இல்ல. உனக்கு முடியலன்னு புரிஞ்சுது. குழாய் வேண்டாம்."

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை எழுத்துகள் தெரியவில்லை. நான் பயந்தது அவள் வேண்டாம் என்பாளோ என்று. அவள் நினைத்தது, அவள் வேணும் என்றுவிடுவாளோ என்று நான் பயப்படுகிறேன் என்று. பதினான்கு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இப்படி இருந்திருக்கிறோம்.

"இல்ல புள்ள. நீ வேண்டாம்னு சொல்லிருவியோன்னுதான் பயந்தேன். சத்தியமா அதுதான். எனக்கு நீ இருக்கோணும்."

அவள் என்னைப் பார்த்தாள். கண் மேலேயும் போகவில்லை, மூடவும் இல்லை. ஆக்சிஜன் 89 காட்டியது. ஜெசிந்தா மாஸ்க்கை எடுத்து வந்தாள். அதற்குப் பிறகு பூங்கோதை ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலை ஆக்சிஜன் 90.

டாக்டர் ஷகிலா பத்தரைக்கு வந்தார். நேற்று எழுதியது திரையில் அப்படியே இருந்தது. படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "இதுதான் உங்க முடிவாம்மா?" என்று அவளிடம் கேட்டார். பூங்கோதை எழுத ஆரம்பித்தாள்.

"இவரை வெளிய அனுப்புங்க."

டாக்டருக்கு 'ங்க' போட்டாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

பதினொன்றேகாலிலிருந்து பன்னிரண்டு வரை வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பொத்தான் அழுந்தும் டிக் சத்தம் மட்டும் கேட்டது. நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நின்றது. ஜெசிந்தா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். "என்ன எழுதினாலும் அக்கா எழுதினதுங்கண்ணா" என்றாள். ஆமாம் என்றேன்.

டாக்டர் வெளியே வந்து, "நீங்களே போய்ப் படிங்க. நான் அடுத்த வாரத்துக்கு ஆஸ்பத்திரியில சொல்லி வைக்கறேன்" என்றார். அடுத்த வாரம் என்றால் எதற்கு என்று நான் கேட்கவில்லை. உள்ளே போனேன்.

"குழாய் வைக்கட்டும். ஒரு வருஷம். அப்புறம் மறுபடி கேக்கணும். டாக்டர் கேக்கக்கூடாது. நீ கேக்கணும். நான் என்ன சொன்னாலும் முழுசாப் படிக்கணும்."

படித்து முடித்துவிட்டேன் என்பதற்குத் தலையாட்டினேன். ஒரு வருடம் கிடைத்த சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் கூடவே அடுத்த ஜூன் மாதமும் வந்துவிட்டது. அன்று அவள் வேண்டாம் என்றால் நான் படித்துத்தான் ஆக வேண்டும். அதற்குள் சளி எடுக்க, குழாய் மாற்ற, கரண்ட் போனால் பேட்டரி மாற்ற எல்லாம் நான் கற்றுக்கொள்ள வேண்டும். மாஸ்க் எங்கே என்று தெரியாமல் நின்றவன் நான்.

டாக்டரும் ஜெசிந்தாவும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஃபேனா, தண்ணியா, புரட்டிவிடவா என்று இரண்டு வருடம் கேட்டவன், ஒன்றை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"பூங்கோதை, உனக்குப் பயமா இருக்குதா?"

கண் மேலே போனது. வெகு நேரம் கீழே இறங்கவில்லை. எனக்கும்தான் என்றேன்.